சீட்டில்லாத வசூல்

அத்தியாயம் – 11

ஜெபமாலை நேரத்தில் வந்த அந்தப் போனைச் செபாஸ்தியம்மாள் பாதிப் பேச்சிலேயே வைத்துவிட்டாள் அல்லவா? வைத்தாளே தவிர, பேச்சு காதை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை விடிந்து, தன் வாடகைப் பாத்திரக் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதும் அதே குரல்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நாளைக்கு இருட்டுறதுக்குள்ள பாக்கியை முடிச்சிருங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வருஷப் பூசைக்கு நானே கோயிலுக்கு வாரேன். வாசல்ல நாலு பேரு முன்னாடி கேட்டா எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் சங்கடம்."

மணிமாறன் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசினதில்லை. அவனிடம் அவளுக்கு அதுதான் பெரிய பயம். சத்தம் போடுகிறவனிடம் திருப்பிச் சத்தம் போடலாம். அக்கா அக்கா என்று குழைகிறவனை என்ன செய்வது?

அவள் கணவர் அருள்நாதன் நெஞ்சுவலியில் போய், நாளையோடு ஒரு வருஷம். 2006-ம் ஆண்டு, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், ஒரு தனியார் வங்கியில் அவர் பெர்சனல் லோன் வாங்கியிருந்தது அவர் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அடக்கம் முடிந்த மறுவாரமே மணிமாறன் வந்து, கையிலிருந்த பைலைத் தட்டிக் காட்டி, வங்கியின் ரெக்கவரி ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டு நின்றான். வாங்கிய பணம் எங்கே போனது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. இந்தக் கேள்வியைச் செபாஸ்தியம்மாள் வெளியே யாரிடமும் கேட்டதில்லை. தூக்கம் வராதபோதெல்லாம் தன்னிடமே கேட்டிருக்கிறாள். வத்தலக்குண்டுப் பக்கம் அடிக்கடி போய்வருவாரே, அங்கே யாராவது இருப்பார்களோ என்றுகூட மனசு போயிருக்கிறது. அப்படி நினைத்ததற்காகக் கோயிலில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்திருக்கிறாள்.

ஆனாலும் மாசம் தவறாமல் மணிமாறன் கையில் பணம் கொடுத்துவந்தாள். கொடுக்கச் சொன்னது சேவியர்.

சேவியர், அருள்நாதனின் ஒரே தம்பி. கடைப் பாத்திரங்களை விசேஷ வீடுகளுக்கு ஏற்றிப் போய் இறக்குகிற வேன் அவனுடையதுதான். நடைக்கு இவ்வளவு என்று அவனுக்கு வாடகை உண்டு. முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது அவன் சொன்னான்.

"பாங்குப் பக்கம் மட்டும் போயிராதீங்க மதினி. அண்ணன் இல்லேன்னு தெரிஞ்சா கடையைப் பூட்டி சீல் வச்சிருவான். வர்ற ஆளுகிட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்து முடிச்சிருவோம். கடனோட போன ஆத்மா உத்தரிக்கிற ஸ்தலத்தை விட்டு ஏறாதுன்னு நம்ம பெரியவுக சொல்லுவாக. அண்ணன் அங்ஙன கெடக்கணுமா?"

கடை போய்விடும் என்றதற்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில், அந்த நெருப்பில், மோட்சத்துக்குப் போக வழியில்லாமல் நிற்கிறார் என்று நினைத்தபோது வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. வெயிலில் வந்தாலே சட்டையைக் கழற்றிவிட்டு ஈரத்துண்டு போட்டுக்கொள்கிற மனுஷன். அன்றிலிருந்து கொடுக்க ஆரம்பித்தவள்தான். இன்று கடைசிப் பாக்கிக்குக் கையில் காசில்லை.

"பாப்பா செயின் சும்மாத்தானே கெடக்கு" என்று அதற்கும் சேவியரே வழி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மகள் ஜெனிபா சின்ன வயசில் முதல் தரம் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு அப்பா வாங்கிப் போட்ட செயின் அது. சின்னது. பி.காம். இரண்டாம் வருஷம் வந்த பிறகும் அவள் அதைக் கழற்றினதில்லை. காலையில் அம்மா கேட்டபோது மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காப்பியைத் தொடவில்லை. கல்லூரி லீவு என்பதால் கடையில் வந்து உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தாம்பாளங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி மாசம், முகூர்த்த நேரம். அண்டாவும் குண்டானும் பிரியாணி தேக்சாவும் கடைக்குள் வருவதும் போவதுமாக இருந்தன. ஆத்தூரிலிருந்து ஒரு ஆள் பைக்கில் வந்து இறங்கினான்.

"சோலைமலை மாமா அனுப்புனாரு. ரெண்டு தேக்சா, நாலு அண்டா சொல்லிருந்தாராம்ல. எடுத்து வைங்க, பின்னாடியே வண்டி வருது."

"சீட்டு கொண்டாந்திருக்கீகளா?"

"மாமா சட்டைப்பையிலயே வச்சிட்டாரு. மாமாவைத்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே."

"அவரைத் தெரியும். உங்களைத் தெரியாதுல்ல அண்ணே. அட்வான்ஸ் கொடுத்தன்னைக்கு நான் கொடுத்த சீட்டு வந்தாத்தான் பாத்திரம் போகும்."

"போன் போட்டுத் தாரேன், அவருகிட்டயே பேசுங்க."

"பேசுறேன். பேசிட்டும் சீட்டுத்தான் கேப்பேன்."

அந்த ஆள் தேக்சாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பைக்கைத் திருப்பிக்கொண்டு முனகியபடி ஆத்தூருக்கே போனான். செபாஸ்தியம்மாள் பிடிவாதக்காரி இல்லை. முன்பொரு தரம் எவனோ ஒருவன், தெரிந்த வீட்டுப் பெயரைச் சொல்லி இரண்டு தேக்சாவைத் தூக்கிப் போய், அது இன்றுவரை திரும்பவில்லை. அதிலிருந்து சீட்டு இல்லாமல் கடையை விட்டு ஜல்லிக்கரண்டிகூட வெளியே போகாது. திரும்பி வந்த பாத்திரத்துக்கும் சீட்டை வாங்கிக் கிழித்தால்தான் கணக்கு முடியும். ஊருக்கே தெரிந்த விஷயம் இது.

ஜெனிபா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"செயினைப் பத்தின்னா கேக்காத."

"செயினைப் பத்தி இல்ல. அந்த மணிமாறன்கிட்ட ஒருநாளாவது சீட்டுக் கேட்டியா?"

செபாஸ்தியம்மாள் மகளைப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்றுதான் முதலில் பார்த்தாள். ஜெனிபா கேலி செய்யவில்லை.

"உன்னை வந்து கேக்கச் சொல்லி அவனை அனுப்புனது யாருன்னு சீட்டு. கொடுத்த காசுக்குச் சீட்டு. ஒண்ணுமே வாங்கலைல்ல? சோலைமலை அண்ணன் அனுப்புன ஆளுக்கு ஒரு அண்டா கொடுக்க மாட்ட. யாருன்னே தெரியாதவனுக்கு ஒரு வருஷமாக் கொடுத்திருக்க."

சொல்லப்போனால், அந்தக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதே செபாஸ்தியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கத்தில் இருக்கிறவளுக்குக் கடைப் புத்தி வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்.

கல்லாவைச் சாத்தினாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவி, சேலை மாற்றி, இறப்புச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். செயினும் பையில்தான் இருந்தது.

"அடகுக்கடைக்கா?" என்றாள் ஜெனிபா.

"பாங்குக்கு. சனிக்கெழம, மத்தியானம் சாத்திருவாக. ஆத்தூராளு சீட்டோட வந்தா எடுத்துக் கொடு. உங்க சித்தப்பா கேட்டா, கடைத்தெருவுக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

சேவியரிடம் ஏன் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மறைத்தாள்.

*

வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் குளிர்காற்று அடித்தது. இங்கே வரக்கூடாது என்று ஒரு வருஷமாகச் சொல்லப்பட்ட இடம். இப்போதே யாராவது எழுந்து வந்து கடைச் சாவியைக் கேட்பார்கள் என்பது மாதிரி, சாவிக்கொத்தை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் சின்ன வயசுப் பெண். மேசையில் மகேஸ்வரி என்று பெயர்ப்பலகை. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"உக்காருங்க அக்கா. என்னங்க விஷயம்?"

செபாஸ்தியம்மாள் கணவர் பெயரைச் சொன்னாள். ரேஷன் கார்டைக் காட்டினாள். மகேஸ்வரி கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"அருள்நாதன் வரலீங்களா? அவருதான் வந்து பேசணும்."

"அவரு செத்து நாளையோட வருஷமாகுதும்மா."

மகேஸ்வரியின் கை நின்றது. "அப்படிங்களா? எங்ககிட்ட யாருமே சொல்லலீங்களே. இங்க அவரு உயிரோட இருக்கிறதாத்தான் இருக்கு."

செபாஸ்தியம்மாளுக்கு அந்த வார்த்தை ஒரு நிமிஷம் இனித்தது. திண்டுக்கல்லில் ஓர் இடத்திலாவது அவர் இன்றுவரை சாகாமல் இருந்திருக்கிறார். பைக்குள் கையை விட்டு இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தபோது, அவரை இரண்டாவது தரம் அடக்கம் பண்ணுகிற மாதிரி இருந்தது.

"கடனை நிறுத்தலம்மா. உங்க ஆளுகிட்ட மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எந்த ஆளுங்க?"

"மணிமாறன்."

மகேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். வர நேரமாயிற்று. திரும்பி வந்தபோது நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, செபாஸ்தியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல செய்தி சொல்லப் போகிறவர்கள் இப்படி உட்காருவதில்லை.

"அக்கா, அவரு வேலை பார்த்த ஏஜென்சியை நாங்க நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்க. எங்க பேரைச் சொல்லி வசூல் பண்ண அவருக்கு அதிகாரமே கிடையாதுங்க. கொடுத்ததுக்கு ரசீது வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"போன ஆவணிக்கு முன்னாடியே தவணை நின்னிருச்சுங்க. அதுக்கப்புறம் கணக்குல ஒரு பைசா வரவு வரலீங்க."

பாத்திரம் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, முகூர்த்தம் இல்லாத மாசங்களில் வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரசம் வைத்துச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்துக் கொடுத்த காசு. அத்தனையும் அந்தப் பணிவான குரலுக்குள் போய்விட்டது. கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். சீட்டில்லாமல் கரண்டி கொடுக்காத செபாஸ்தியம்மாள் என்று பெயர் வாங்கி என்ன புண்ணியம்?

"சரிம்மா. இப்ப நான் மறுபடி முதல்ல இருந்து கட்டணுமா?"

"நீங்க எதுக்குக் கட்டணும்? கடன்ல நீங்க கையெழுத்துப் போட்டீங்களா? ஜாமீன் போட்டீங்களா?"

"கடன் வாங்குனதே எனக்குத் தெரியாது."

"அப்போ உங்க சொந்தக் காசுல இருந்து கட்டுங்கன்னு எங்க பாங்குகூட உங்களைக் கேக்க முடியாதுங்க. அவரு பேர்ல ஏதாவது சொத்து விட்டுட்டுப் போயிருந்தா, அந்த மதிப்புக்குள்ள மட்டும் கேக்கலாம். அதுவும் நோட்டீஸ் கொடுத்து, முறைப்படி. மணிமாறன் மாதிரி வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு இல்லீங்க."

"அவரு பேர்ல ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி இருக்கு. கடை எம்பேர்ல. பாத்திரமெல்லாம் எங்கப்பா கொடுத்த சீதனக் காசுல வாங்குனது. ஒவ்வொண்ணுலயும் எம்பேரு வெட்டியிருக்கும்."

"அப்புறம் என்னங்க பயம்?"

"கடையைப் பூட்டி சீல் வச்சிருவீகன்னு சொன்னாக."

"யாருங்க சொன்னது?"

செபாஸ்தியம்மாள் வாய் வரைக்கும் வந்த பெயரை முழுங்கிக்கொண்டாள்.

காவலாளி வந்து வெளிக்கதவைப் பாதி சாத்தினார். மகேஸ்வரி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மணிமாறன் நாளைக்குக் கோயில் வாசலுக்கு வருவதாகச் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"யாரு வந்தாலும் பாங்கு கொடுத்த கடுதாசியும் அடையாள அட்டையும் காட்டணுங்க. அதைக் கேக்கறது உங்க உரிமை. காட்டலேன்னா ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல. சாயங்காலம் ஏழுக்கப்புறம் போன் பண்றது, துக்க வீட்டுல வந்து நிக்கிறது, நாலு பேரு முன்னாடி அவமானப்படுத்தறது, ஒண்ணும் கூடாதுங்க. நெஜமா பாங்கு அனுப்பின ஆளா இருந்தாலும் கூடாது. போன வருஷமே ரிசர்வ் பாங்க் இதையெல்லாம் கண்டிஷனா எழுதி அனுப்பியிருக்கு. நீங்க ஒரு புகார் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. நாங்க கவனிக்கலேன்னா சென்னையில வங்கிக் குறைதீர்ப்பாளர் இருக்காரு. அந்த மணிமாறன் மிரட்டினா போலீஸ் ஸ்டேஷன் இருக்கு."

செபாஸ்தியம்மாள் வெள்ளைத்தாள் வாங்கி அங்கேயே எழுதினாள். எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"நான் கட்ட வேணாம், சரி. அப்ப அவரு கடன் அப்படியேதான நிக்கும்?"

அவள் எதைக் கேட்கிறாள் என்பது மகேஸ்வரிக்குப் புரிய நியாயமில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வங்கியில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் அந்தப் பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் ஒருத்தர் இருக்காருங்க. அவரு கட்டாட்டி நான் கட்டறேன்னு பொறுப்பு ஏத்துக்கிட்டவரு. இப்போ அது அவரு கடன்தானுங்க. அவருக்கு நோட்டீசும் போயிருக்கு."

"யாரது?"

"அதை நானாச் சொல்லக் கூடாதுங்க. திங்கக்கிழமை மேனேஜர் வருவாரு. மனு கொடுத்துட்டுக் கேளுங்க."

செபாஸ்தியம்மாள் தலையாட்டினாள். புகாரையும் சான்றிதழ் நகலையும் நீட்டிவிட்டுக் கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"நான் கொடுத்ததுக்கு ஒரு சீட்டு வேணும்மா."

மகேஸ்வரி சிரித்துவிட்டு, இன்னொரு நகலில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

*

மணிமாறன் சொன்னபடி வெளிச்சம் இருக்கும்போதே வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் வழக்கமான பைல். பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். ஜெனிபா எழுந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ரெடி பண்ணிட்டீங்களா? இன்னையோட நமக்குள்ள முடிஞ்சிரும்."

"முடிச்சிருவோம் தம்பி. சீட்டு வச்சிருக்கீகளா?"

"என்ன சீட்டு?"

"உங்களைப் பாங்கு அனுப்புனதுக்குச் சீட்டு. அப்புறம் நான் இம்புட்டு நாளாக் கொடுத்ததுக்குச் சீட்டு."

"ஒரு வருஷமா வாரேன். என்ன அக்கா இன்னைக்குப் புதுசா?"

"ஒரு வருஷமாக் கேக்காதது என் தப்பு. அதான் இன்னைக்குக் கேக்குறேன்."

அவன் பைலைத் திறக்கவில்லை. திறப்பான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

"பாங்குக்குப் போனீங்களா?"

"போனேன். அவரு செத்ததைச் சொன்னேன். உங்களைப் பத்தியும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

மணிமாறன் சிரித்தான். "எழுதுனா எழுதிட்டுப் போங்க. நாளைக்குக் கோயில் வாசல்ல பாப்போம். நம்ம ஜனங்க பாங்குக் கடுதாசியா படிப்பாங்க? செத்தவன் கடன் பாக்கின்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

நேற்றுவரை அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்று அதே வார்த்தையைக் கேட்டபோது, தான் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வாங்க தம்பி. பூசை முடிஞ்சு எல்லாருக்கும் காப்பியும் பன்னும் உண்டு. உங்களுக்கும் எடுத்து வைக்கச் சொல்றேன். வரும்போது மறக்காம ரசீதைக் கொண்டாங்க. கொண்டாரலேன்னா, நாலு பேரு முன்னாடி கேக்கப் போறது நான்தான். அடுத்தாப்ல எங்க கேக்கணும்னும் பாங்குல விசாரிச்சிட்டு வந்திருக்கேன்."

அவன் சிரிப்பு போய்விட்டது. எழுந்தான். வாசல்படி வரை போனவன் நின்று திரும்பினான். தோற்றுப் போகிறவன் எதையாவது உடைத்துவிட்டுப் போக நினைப்பான். இவன் கையில் உடைக்க ஒன்று இருந்தது.

"நானா உங்களைத் தேடிப் பிடிச்சேன்னு நெனைக்கிறீங்களா? ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைத்தான் முதல்ல போய்ப் பார்த்தேன். அவருதான் இந்த வீட்டைக் காமிச்சு விட்டாரு. 'எங்க மதினிகிட்ட அண்ணன் ஆத்மாவைச் சொல்லுங்க, கட்டிருவாங்க'ன்னு சொல்லிக் கொடுத்ததும் அவருதான்."

அவன் பைக் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது. ஜெனிபா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பாவா?"

செபாஸ்தியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பணம் போனது வலிக்கவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், கண் கலங்கி, அண்ணன் அங்ஙன கெடக்கணுமா என்று கேட்டானே, அதுதான் வலித்தது. அந்தக் கலங்கின கண்ணையும் அவள் நம்பியிருந்தாள். இப்போதும் அது நடிப்பு என்று நினைக்க முடியவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

சற்று நேரத்தில் வேன் வந்து நின்றது. சேவியர் வாழையிலைப் பொட்டலத்தோடு இறங்கினான். பூ மார்க்கெட்டில் சொல்லிக் கட்டிய மாலை, நாளைக்குக் கல்லறைக்கு. அவர்கள் குடும்பத்தில் வருஷப் பூசையன்று கல்லறையில் முதல் மெழுகுவத்தியை உடன்பிறந்தவன்தான் ஏற்ற வேண்டும். மெழுகுவத்திக் கட்டும் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"மல்லிகை என்னா வெலை விக்கிது மதினி. ஆனாலும் அண்ணனுக்குல்ல." மாலையை மேசைமேல் வைத்தான். "ஆளு வந்தானா? செயினை வச்சாச்சா?"

"உக்காரு தம்பி."

அவன் உட்காரவில்லை. அவள் குரலில் என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"இந்த வேனு எப்ப வாங்குன?"

"எதுக்கு மதினி இப்ப?"

"சும்மா ஞாபகம் வந்துச்சு. ரெண்டாயிரத்தி ஆறுல பாஸ்கா முடிஞ்ச வாரம்ல? சாமியார் வந்து மந்திரிச்சுத் தண்ணி தெளிச்சாரு. முதல் சவாரி உங்க அண்ணன் ஏறுனாரு. புது வண்டி வாங்குனது தம்பியா அண்ணனான்னு தெரியாத அளவுக்கு அவருக்குச் சிரிப்பு. தபசு காலத்துல கடன், பாஸ்காவுக்கு வண்டி. எனக்கு இன்னைக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச் சேந்துச்சு."

சேவியர் வெளியே வேனைப் பார்த்தான். ஜெனிபாவைப் பார்த்தான். மதினியை மட்டும் பார்க்கவில்லை.

"மதினி, அது வந்து..."

செபாஸ்தியம்மாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவன் பண்ணின காரியத்துக்காக மட்டும் அழுததாகச் சொன்னால் பாதிதான் உண்மை. வத்தலக்குண்டில் யாரும் இல்லை. எங்கேயும் யாரும் இல்லை. அந்த மனுஷன் தம்பிக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி திட்டுவாளே என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவுதான். அதுக்குப் போய் அவரை என்னவெல்லாம் நினைத்தேன் என்று இருந்தது.

"என்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டியிருப்பேன் தம்பி. மூணாம் நாள் நானே சேந்து கட்டியிருப்பேன். நீ போயி அவரு ஆத்மாவைத் தூக்கி எவன் கையிலயோ கொடுத்திட்டியே."

"பயந்துட்டேன் மதினி. நோட்டீஸ் வந்துச்சு. வண்டி போயிட்டா என் பிள்ளைக..."

"ம். நானும் பயந்துதான் இருந்தேன்."

தெருவில் விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் பழையபடி கடைக்காரியின் குரலாகிவிட்டது.

"மாலை இங்க இருக்கட்டும். மெழுகுவத்தியை நீயே வச்சுக்க. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கல்லறையில முதல் வத்தி நீதான் ஏத்தணும். ஏத்தும்போது, அவரு கடனுக்கு யாரு பொறுப்புன்னு உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிரு. சத்தமாச் சொல்ல வேணாம். அவருக்குக் கேட்டாப் போதும்."

சேவியர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு இறங்கிப் போனான். வேன் கிளம்பவில்லை. ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு விளக்கைப் போடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வீடு இருக்கிற பக்கம் போகவில்லை, எதிர்ப்பக்கம் பைபாஸை நோக்கிப் போனான்.

ஜெனிபா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா நாளைக்கு வருவாராம்மா?"

செபாஸ்தியம்மாள் மஞ்சப்பையிலிருந்து செயினை எடுத்து, மகளைத் திருப்பி நிறுத்தி, கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

"மாலைக்கு ஈரத்துணி சுத்தி வை. காலையில வாடாம இருக்கணும்."

"அவரு வரலேன்னா? முதல் வத்தியை யாரு ஏத்துறது?"

"வேற யாரும் ஏத்த வேணாம். அவன் வர்ற வரைக்கும் கல்லறையில நிப்போம்."